கடல் கடந்த ஐரிஷ் திருமணங்கள்: எந்தச் செய்தித்தாளில் முதலில் தேடுவது?

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறிய தம்பதியர் எந்த ஊரில், எந்தத் தேவாலயத்தில், எந்த ஆண்டில் மணம் செய்துகொண்டார்கள் என்று தேடப் புகுகிறவர்கள், ஏதாவது ஒரு கட்டத்தில் பழைய செய்தித்தாள்களிடம் வந்து சேர்கிறார்கள். அங்கே நான்கு வழிகள் பிரிகின்றன. அயர்லாந்திலேயே அச்சான உள்ளூர் ஏடுகளின் திருமண அறிவிப்புகளைப் படிக்கலாம். இதற்குப் பெரும்பாலும் சந்தா கட்ட வேண்டும். குடியேறிய நாட்டின் ஏடுகளில் வந்த திருமண அறிவிப்புகளைத் தேடலாம். இவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. உறவினரைத் தவறவிட்டவர்கள் கொடுத்த விளம்பரங்களைப் பார்க்கலாம். திருமணம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்து வெளியான இரங்கல் குறிப்புகளையும் பொன்விழா அறிவிப்புகளையும் துருவலாம். பெரும்பாலோர் முதல் வழியில்தான் பணத்தையும் நேரத்தையும் கொட்டுகிறார்கள். அயர்லாந்துக்காரரின் திருமணத்தை அயர்லாந்து ஏட்டில் தேடுவதுதானே முறை என்று தோன்றுகிறது. தேடப்படுகிறவர் நிலவுடைமையாளராகவோ வணிகராகவோ வழக்கறிஞராகவோ இருந்தால் அது சரி. கூலியாளாகவோ சிறு குத்தகை விவசாயியாகவோ இருந்தால், நான்கு வழிகளிலும் அதைத்தான் கடைசியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவேடுகள் இருக்கும்போது செய்தித்தாள் எதற்கு என்று கேட்பது நியாயமே. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களை அரசு 1845 ஏப்ரல் முதல் பதிவு செய்தது. கத்தோலிக்கத் திருமணங்களும் எல்லாப் பிறப்பு இறப்புகளும் 1864 ஜனவரியிலிருந்துதான் அரசுப் பதிவுக்கு வந்தன. நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது 1845இல். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851இல் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்திருந்தது. ஆக, சாவும் புலப்பெயர்வும் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஏழைக் கத்தோலிக்கரின் திருமணத்துக்கு அரசுச் சான்று எதுவும் இல்லை. 1922 ஜூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்து திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின்கீழ் வரும் வட்டாரம்) பாதிக்கு மேலும், 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் ஏறக்குறைய அனைத்தும், திருமண உரிமப் பத்திரங்களும் அதில் போயின. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. அவற்றின் நுண்படச் சுருள்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஆனால் மேற்குக் கவுன்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகளில், பல பங்குகளின் ஏடுகள் தாமதமாகத்தான் தொடங்குகின்றன. பழைய திருமணப் பதிவில் மணமக்கள் பெயர், தேதி, இரு சாட்சிகள் என்பதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. பெற்றோர் பெயர்கூடப் பெரும்பாலும் கிடையாது. எந்தப் பங்கு என்று தெரியாமல் உள்ளே நுழைந்தால், ஒரே பெயர் கொண்ட மேரி மர்ஃபிகள் வரிசையாக நிற்பார்கள். அந்தப் பங்கின் பெயரைத்தான் நாம் செய்தித்தாளிடம் கேட்கிறோம்.

முதல் வழியான அயர்லாந்து ஏடுகளுக்கு நீண்ட மரபு உண்டு. பெல்ஃபாஸ்ட் நியூஸ்-லெட்டர் 1737இல் தொடங்கியது. டப்ளினின் ஃப்ரீமன்ஸ் ஜர்னல் 1763 முதல் 1924 வரை வந்தது. கார்க் எக்ஸாமினர் 1841இல் பிறந்தது. லிமெரிக், கில்கென்னி, வாட்டர்ஃபோர்ட் என்று ஒவ்வொரு பெரிய ஊருக்கும் தனி ஏடு இருந்தது. 18ஆம் நூற்றாண்டு அறிவிப்புகள் மிகச் சுருக்கமானவை: சென்ற வியாழக்கிழமை இன்ன ஊரில் இன்னார், இன்னாரின் மகளான செல்வி மர்ஃபியை மணந்தார் என்று முடிந்துவிடும். மணமகளின் முதற்பெயரே இருக்காது. அவளுடைய சீதனத்தைப் பற்றிய குறிப்பு மட்டும் சில சமயம் இருக்கும். பெண் வழியில் தேடுகிறவருக்கு இது பெருத்த ஏமாற்றம். ஆனால் 1922இல் எரிந்துபோன திருச்சபை ஏட்டில் இருந்த ஒரு திருமணத்துக்கு இந்த இரண்டு வரியே எஞ்சிய ஒரே சான்றாக இருக்கலாம் என்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது. ரோஸ்மேரி ஃபோலியட் என்ற ஆய்வாளர் கார்க், கெர்ரி பகுதிகளுக்கு 1756 முதல் 1827 வரையிலும், லிமெரிக், எனிஸ், குளோன்மெல், வாட்டர்ஃபோர்ட் ஏடுகளுக்கு 1758 முதல் 1821 வரையிலும் இத்தகைய குறிப்புகளைத் திரட்டி அட்டவணைப்படுத்தியிருக்கிறார். தெற்கு அயர்லாந்தின் அந்தக் காலத்துக்கு, ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைவிட இந்த அட்டவணையில் தொடங்குவதே அறிவுடைமை.

இந்த அறிவிப்புகளில் இடம்பெற்றவர்கள் யார் என்பதுதான் முக்கியம். அன்றைய ஐக்கிய ராஜ்யத்தில் செய்தித்தாள் விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் அரசுக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த வரி 1853இல்தான் நீங்கியது. ஏடுகளின் மேலிருந்த முத்திரை வரி 1855இல் போனது. அதற்குப் பிறகே ஏடுகள் மலிந்தன, விளம்பரக் கட்டணமும் இறங்கியது, கடைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் வசதியான விவசாயிகளும் தங்கள் வீட்டுத் திருமணத்தை அச்சில் பார்க்கத் தொடங்கினார்கள். பஞ்ச காலத்தில் நாட்டைவிட்டுப் போனவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு வேளை உணவுக்கே வழியில்லாமல் கப்பலேறிய குடும்பத்தின் திருமணத்தை 1846ஆம் ஆண்டு லிமெரிக் ஏட்டில் தேடுவது, சந்தா நிறுவனத்துக்குத்தான் லாபம்.

இதற்கு விலக்கு அயர்லாந்தின் வடக்குப் பகுதியான அல்ஸ்டர். அங்கிருந்து அமெரிக்கா சென்ற பிரெஸ்பிட்டேரியர்களில் (ஒரு புராட்டஸ்டன்ட் சபையினர்) பலர் சிறு வணிகர்கள், நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுடைய சபைப் பதிவேடுகள் பல இடங்களில் 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. பெல்ஃபாஸ்ட் நியூஸ்-லெட்டரோ அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. அல்ஸ்டர் பிரெஸ்பிட்டேரியக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் அயர்லாந்து ஏட்டில் தொடங்குவதில் தவறில்லை.

இரண்டாவது வழி, குடியேறிய நாட்டின் ஏடுகளில் வந்த திருமண அறிவிப்பு. 1850களிலும் 1860களிலும் மெல்பர்ன், சிட்னி ஏடுகளில் வந்த இத்தகைய அறிவிப்பின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது: இன்ன தேதியில், மெல்பர்ன் செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தில், இன்ன பாதிரியார் முன்னிலையில், டிப்பரரி கவுன்டி நீனாவைச் சேர்ந்த காலஞ்சென்ற இன்னாரின் மூன்றாம் மகன், கார்க் நகர வணிகர் இன்னாரின் ஒரே மகளை மணந்தார். அதன் அடியில் ஒரு குறுவரி வரும்: லிமெரிக், டிப்பரரி ஏடுகள் எடுத்து வெளியிட வேண்டுகிறோம். அனுபவமுள்ளவர்கள் முதலில் கண்ணை ஓட்டுவது அந்தக் கடைசி வரியில்தான். மேலே ஊர்ப்பெயர் எதுவும் இல்லாத அறிவிப்பிலும் அது குடும்பம் எந்தக் கவுன்டியில் இருந்தது என்பதைச் சொல்லிவிடும். அயர்லாந்தின் எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். பாய்க்கப்பலில் செய்தி போய்ச் சேர மூன்று மாதம் வரை ஆன காலம் அது. மெல்பர்னில் ஜனவரியில் நடந்த திருமணம் லிமெரிக்கில் ஏப்ரலிலோ மே மாதத்திலோ அச்சாகியிருக்கும். திருமணத் தேதிக்கு அடுத்த வாரத்தில் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டுவது, இந்தத் துறையில் அன்றாடம் நடக்கும் பிழை.

இரண்டு வழிகளையும் இந்த இடத்தில் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். அயர்லாந்து ஏட்டில் வந்த மறுபதிப்பு பெரும்பாலும் சுருங்கிப் போயிருக்கும். குடியேறிய நாட்டில் வந்த முதற்பதிப்பில் விவரம் கூடுதலாக இருக்கும். ஆனால் ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். மெல்பர்ன் அச்சுக்கோப்பவருக்கு அயர்லாந்துக் கிராமத்தின் பெயர் காதில் விழுந்தபடிதான். லிமெரிக் அச்சுக்கோப்பவர் அந்தக் கிராமத்தை நேரில் பார்த்தவராகவே இருக்கக்கூடும். அயர்லாந்தில் டவுன்லாண்ட் எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவுகள் 60,000க்கு மேல் உள்ளன. ஒரே பெயரில் பல இருக்கும். எழுத்து ஒன்று மாறினால் வேறு கவுன்டிக்கே போய்விடுவோம். ஆகவே கண்டுபிடிக்க ஆஸ்திரேலிய ஏடு, சரிபார்க்க அயர்லாந்து ஏடு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டுமே பணமுள்ளவர்களின் வழிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏழைகளுக்குத் திறந்திருந்த கதவு மூன்றாவது வழி. பாஸ்டன் நகரக் கத்தோலிக்க வார ஏடான பைலட், 1831 அக்டோபர் முதல் 1921 அக்டோபர் வரை, தொண்ணூறு ஆண்டுகள், காணாமற்போன உறவினரையும் நண்பரையும் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. இவற்றில் 40,000க்கு மேற்பட்டவை பாஸ்டன் கல்லூரியால் தரவுத்தளமாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு காணாமற்போனோர் என்றாலும் திருமணத்தைத் தேடுகிறவருக்கு இது ஒரு சுரங்கம். 1831 அக்டோபரில் வந்த முதல் விளம்பரமே அதற்குச் சான்று. கில்டேர் கவுன்டியில் பிறந்து, டப்ளின் அருகே கிங்ஸ்டவுனில் மணமான ஒருவரை அது தேடுகிறது. அவருடைய மனைவியும் நான்கு குழந்தைகளும் பாஸ்டன் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அவரோ கல்தச்சு வேலை தேடி வேறெங்கோ போய்விட்டார். கணவனின் பிறந்த கவுன்டி, மணம் நடந்த ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டன. திருமண அறிவிப்பு என்ற பெயரில் வந்த எதிலும் ஒரு கல்தச்சரின் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு கிடைக்காது.

தேடும் கணவனின் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, மனைவிமார் தங்கள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும், இருவரின் பங்கையும், சில சமயம் டவுன்லாண்டையும், கப்பலேறிய துறைமுகத்தையும் ஆண்டையும் கொடுத்தார்கள். அண்ணனைத் தேடும் தங்கை, தான் யாரை மணந்திருக்கிறாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அண்ணனுக்கு அவள் பெயரே புரியாது. இப்படித் தற்செயலாக விழுந்த திருமணச் செய்திகள் அங்கே ஏராளம். பாஸ்டன் ஏடு என்றாலும் அது அமெரிக்கா முழுவதும் கனடாவிலும் படிக்கப்பட்டது. ஆகவே குடும்பம் பாஸ்டனில் வாழாதது ஒரு தடையல்ல. குறையும் உண்டு. திருமணத் தேதி அநேகமாக இருக்காது. யாரும் காணாமற்போகாத குடும்பம் இந்தப் பக்கத்தில் தலைகாட்டாது. மனைவியை விட்டுவிட்டுப் புதுப் பெயரில் மறைந்தவர்களின் குடும்பங்களே இங்கே கூடுதல் என்ற சாய்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கு இணையாக, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை அரசிதழ்களிலும் நாளேடுகளிலும் காணாமற்போனோர் பத்திகள் வந்தன. ஆனால் பைலட் விளம்பரங்களைப் போல ஒரே இடத்தில் திரட்டி வகைப்படுத்தப்பட்ட தொகுப்பு அவற்றுக்கு இல்லாததால் உழைப்பு கூடும்.

நான்காவது வழியைத்தான் நான் மற்ற மூன்றுக்கும் மேலாக மதிப்பேன். அதைத்தான் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பதேயில்லை. 1851இல் கிளேர் கவுன்டியின் ஒரு சிறு தேவாலயத்தில் மணம் செய்துகொண்டு, அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம். அன்று விளம்பரத்துக்குக் கொடுக்க அவர்களிடம் காசில்லை. 1901இல் நிலை வேறு. பிள்ளைகள் நிலம் வாங்கியிருப்பார்கள், ஒருவர் ஊராட்சியில் உறுப்பினராக இருப்பார், ஒரு மகள் ஆசிரியையாக இருப்பாள். பெற்றோரின் ஐம்பதாவது மணநாளுக்கு அவர்கள் மெல்பர்ன் ஏட்டில் பொன்விழா அறிவிப்புக் கொடுக்கிறார்கள்: ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இன்ன தேதியில், அயர்லாந்து, கிளேர் கவுன்டி, இன்ன பங்குத் தேவாலயத்தில், அருள்தந்தை இன்னார் முன்னிலையில், இன்னார் இன்னாரை மணந்தார். தற்போதைய முகவரி இன்னது. இந்த வடிவம் அக்கால ஆஸ்திரேலிய ஏடுகளின் குடும்ப அறிவிப்புப் பத்திகளில் வழக்கமானது. அரசுப் பதிவு தொடங்குவதற்கு முந்தைய ஒரு கத்தோலிக்கத் திருமணத்தின் தேதியும் இடமும், நடத்திவைத்த பாதிரியாரின் பெயரும், மணமக்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாயிலிருந்து கேட்டு அச்சானவை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு சொன்ன தேதி என்பதால் ஓராண்டு முன்பின் இருக்கலாம். ஆனால் எந்தத் தேவாலயம் என்பதில் தவறு நேர்வது அரிது. அது தெரிந்துவிட்டால் தேசிய நூலகத்தின் பங்குப் பதிவேட்டைத் திறந்து சில பக்கங்களைப் பார்த்தால் போதும்.

பொன்விழாவரை இருவரும் வாழாத குடும்பங்களுக்கு இரங்கல் குறிப்பு இருக்கிறது. நியூயார்க்கில் 1870இல் தொடங்கிய ஐரிஷ் வேர்ல்ட், சிட்னியின் ஃப்ரீமன்ஸ் ஜர்னல், மெல்பர்னின் அட்வகேட், நியூசிலாந்தின் டேப்லட் போன்ற கத்தோலிக்க ஏடுகள், பொது நாளேடுகள் ஒரு வரியில் முடித்துவிடும் ஒரு மூதாட்டியின் மரணத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கின. அதில் பிறந்த பங்கும், மணமாகி வந்த ஆண்டும், வந்த கப்பலும் இருக்க வாய்ப்புண்டு.

இனி, செய்தித்தாளையே தொடாமல் சான்றிதழ் வாங்கிவிடலாமா என்ற கேள்வி. இது முழுக்க முழுக்க எந்த நாட்டில், எந்த ஆண்டில் திருமணம் நடந்தது என்பதைப் பொறுத்தது. விக்டோரியாவில் அரசுப் பதிவு 1853 ஜூலையில் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச்சில். இந்தத் தேதிகளுக்குப் பிறகு நடந்த திருமணத்தின் சான்றிதழில் மணமக்கள் பிறந்த இடமும் பெற்றோர் இருவரின் பெயரும் கேட்டு எழுதப்பட்டன. அங்கே செய்தித்தாள் இரண்டாம் பட்சம்தான். இருவரை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். யூரேகா தங்கச் சுரங்கக் கிளர்ச்சியின் தலைவரும், பின்னாளில் விக்டோரியா சட்டமன்றத்தின் அவைத்தலைவருமான பீட்டர் லேலர் அயர்லாந்தின் லீஷ் கவுன்டிக்காரர். ஜீலாங் நகரில் ஆலிசியா டன்னை 1855 ஜூலையில் மணந்தார். இது பதிவுக் காலத்துத் திருமணம். சான்றிதழ் ஒன்றே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெற்றோரோ 1850 நவம்பர் 18 அன்று மெல்பர்ன் செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் மணந்தவர்கள். தந்தை டிப்பரரியிலிருந்து இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவர், தாய் ஆன்ட்ரிம் கவுன்டியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அரசுப் பதிவுக்கு முந்தைய திருமணம் என்பதால் தேவாலய ஏடுதான் ஆதாரம். தண்டனை முடிந்த கைதி ஒருவர் காசு கொடுத்து நாளேட்டில் திருமண அறிவிப்புப் போடுவார் என்றும் எதிர்பார்க்க முடியாது. அவர் டிப்பரரிக்காரர் என்பதை நமக்குச் சொல்வது நீதிமன்ற, சிறைப் பதிவுகள். குற்றவாளிகளைப் பற்றி அரசு எழுதிவைத்த அளவுக்கு நேர்மையான ஏழைகளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை என்பது இத்துறையில் இருப்பவர்கள் அலுத்துக்கொண்டு சொல்லும் உண்மை.

அமெரிக்காவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாசசூசெட்ஸில் 1841இலேயே பதிவு தொடங்கியது. ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அயர்லாந்து என்ற ஒற்றைச் சொல்லே வந்துகொண்டிருக்கும். நியூயார்க்கில் மாநில அளவிலான பதிவு 1880களில்தான் வந்தது. பென்சில்வேனியாவில் மாவட்டத் திருமண உரிமங்கள் 1885இலிருந்து. ஆகவே அமெரிக்கா போனவர்களுக்குச் செய்தித்தாளின் தேவை ஆஸ்திரேலியாவைவிட மிகுதி. அதிலும் பைலட் விளம்பரங்களே முன்னிற்கின்றன. லிவர்பூலில் கப்பலுக்குக் காத்திருந்தபோதோ சில ஆண்டுகள் தங்கி உழைத்தபோதோ மணந்தவர்களுக்கு வேலை எளிது: இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்தே அரசுப் பதிவு உண்டு, அதில் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும்.

செய்தித்தாளை அறவே விட்டுவிடத்தக்க ஒரு பிரிவும் இருக்கிறது. 1848 முதல் 1850 வரை, ஏர்ல் கிரே திட்டத்தின்கீழ், அயர்லாந்தின் ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட அனாதைச் சிறுமியர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சிட்னிக்கு வந்த கப்பல்களின் பட்டியல்களில் அவர்களுடைய பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்பதும் உள்ளன. வேலைக்காரிகளாகச் சென்று சுரங்கத் தொழிலாளிகளையும் மேய்ப்பர்களையும் மணந்த இந்தப் பெண்களின் திருமணங்களை நாளேடுகளில் தேடி நாளைக் கழிப்பதைவிட, கப்பல் பட்டியலையும் திருமணச் சான்றையும் பொருத்திப் பார்ப்பதே பலன் தரும்.

நம் பக்கத்து வாசகர்களில் சிலருக்கு இன்னொரு கிளையும் பயன்படக்கூடும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைகளில் ஐரிஷ்காரர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவுதான் 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் ஒரு பட்டாலியனாக மாறியது. அவர்களில் இங்கே மணந்தவர்களுக்கு, தேவாலயப் பதிவுகளின் படிகள் மதராஸிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1698 முதற்கொண்டு பிரிட்டிஷ் நூலகத்தில் தனி வரிசையாக இருக்கின்றன. 1816 முதல் 1845 வரை வெளிவந்த ஏஷியாட்டிக் ஜர்னல் மாகாணவாரியாகத் திருமணச் செய்திகளை அச்சிட்டது. ஆனால் அதில் அதிகாரிகளின் வீட்டு விசேஷங்களே மிகுதி. சாதாரணச் சிப்பாய்க்குத் தேவாலயப் படிதான் முதல் இடம்.

கருவிகளுக்குள் என்ன வேறுபாடு என்றால், விலையைவிட வடிகட்டும் வசதியே பெரிது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் 1803 முதல் பெரும்பாலும் 1954 வரையிலான ஏடுகளை இலவசமாகத் தருகிறது. குடும்ப அறிவிப்புகளை மட்டும் தனியே தேடும் வசதி அதில் இருக்கிறது. இயந்திரம் தவறாகப் படித்த எழுத்துகளை வாசகர்களே திருத்திச் சேமிக்கவும் முடியும். பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் இந்தப் பத்திகளைத் திருத்தி வந்திருப்பதால் பெயர்கள் அகப்படும் வாய்ப்பு கூடியிருக்கிறது. நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா இரண்டும் இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ், ஐரிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ்ஸ் இரண்டுக்கும் சந்தா வேண்டும். முன்னதில் தேடுவதற்கும் முடிவுகளின் சிறு துணுக்கைப் பார்ப்பதற்கும் காசு இல்லை. பக்கத்தைத் திறக்கத்தான் காசு. கிளேர் கவுன்டி நூலகம் தன்னார்வலர்களைக் கொண்டு படியெடுத்து வெளியிட்டிருக்கும் தொகுப்புகள் இலவசம். அந்தக் கவுன்டிக்காரரைத் தேடுகிறவர் சந்தாவை நினைப்பதற்கு முன் அங்கே போய்விட்டு வரட்டும்.

எந்தக் கருவியானாலும் அச்சின் பழக்கங்கள் தெரியாவிட்டால் கையில் சிக்காது. மெக் எனத் தொடங்கும் குடும்பப்பெயர்களை அன்றைய அச்சுக்கோப்பவர்கள் எம் என்ற எழுத்தும் ஒரு தலைகீழ்க் காற்புள்ளியுமாக அடித்தார்கள். மெக்கார்த்தி என்று முழுதாகத் தட்டச்சு செய்து தேடினால் இயந்திரம் இல்லை என்று சொல்லும், கார்த்தி என்ற பின்பகுதியைக் கொடுத்தால் கிடைக்கும். 1800க்கு முந்தைய ஏடுகளில் நீண்ட எஸ் எழுத்து எஃப் போலத் தெரிவதால், மிஸ் என்பது மிஃப்ஸ் என்று படிக்கப்பட்டுக் கிடக்கும். தேதிகளில் வரும் அல்ட் என்ற குறுக்கம் சென்ற மாதத்தையும் இன்ஸ்ட் என்பது நடப்பு மாதத்தையும் குறிக்கும். மறுபதிப்பு ஏடுகள் சில வேளை மூலத்தின் இன்ஸ்டை மாற்றாமலே வெளியிட்டு, திருமணத்தை இரண்டு மூன்று மாதம் தள்ளி வைத்துவிடுகின்றன.

திருமணம் அயர்லாந்திலேயே, புறப்படுவதற்கு முன் நடந்தது என்று தெரிந்தால் தேடும் மாதங்களைக் குறுக்கலாம். நம்மூரில் ஆடிக்கு முன் முகூர்த்தங்கள் நெருக்கியடிப்பதைப் போல, கத்தோலிக்க அயர்லாந்தின் கிராமங்களில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன் திருமணங்கள் குவிந்தன. தவக்காலத்தில் திருமணச் சடங்கு கிடையாது; விவசாய வேலை மும்முரமாவதற்கு முன் முடித்துவிடுவதும் வசதி. வசந்த காலத்தில் கப்பல்கள் நிறைந்து புறப்பட்டன. ஆகவே ஏப்ரலிலோ மே மாதத்திலோ கப்பலேறிய இளம் தம்பதியருக்கு, அதற்கு முந்தைய ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான பக்கங்களே முதலில் பார்க்கத் தக்கவை. திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும். மணமகனின் ஊர் மட்டும் தெரிந்திருந்தால் அண்டைப் பங்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் கட்டத்தைப் பற்றி ஒன்று. குடியேறிய நாட்டின் இலவச ஏடுகளில் பொன்விழா, இரங்கல், மறுபதிப்பு வேண்டும் வரி ஆகிய மூன்றையும் தேடி முடித்து, கவுன்டியும் ஏறத்தாழ ஆண்டும் கையில் வந்த பிறகு, அயர்லாந்து ஏடுகளுக்கு ஒரு மாதச் சந்தா போதும். திறக்க வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே இலவசத் தேடலில் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு மாதத்துக்குள் அவற்றைப் பதிவிறக்கி, ஏட்டின் பெயர், தேதி, பக்கம், பத்தி ஆகியவற்றைப் படத்தின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டால், ஆண்டுச் சந்தாவுக்கு அவசியமே நேராது. அல்ஸ்டர் பிரெஸ்பிட்டேரியர், நகர வணிகர், நிலவுடைமைக் குடும்பங்கள் ஆகியோரைத் தேடுகிறவர்கள் மட்டும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, ஆண்டுச் சந்தாவிலேயே தொடங்கலாம். அவர்களுக்கு ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைத் திருமணங்கள் அந்த ஏடுகளில் அடுத்தடுத்து அகப்படும்.